கழுவாத பிலிம்

அந்த வருடம் பொங்கல் கழிந்த ஒரு காலையில், உப்பளத்துக் கரையில் நின்றுகொண்டு அப்பா என்னிடம் கேட்டார். "ஒத்தை நாரைதான் நிக்குது பாப்பா. மீதியெல்லாம் எங்க போச்சு?"

எதிரே பாத்தி கொள்ளாமல் பூநாரைகள். மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கழுவெளி ஏரிப் பக்கமிருந்து வந்து இறங்கியவை, திருவிழாவுக்குத் தேர் பார்க்க வந்த கூட்டம் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. எனக்கு எரிச்சல். பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கப்போகிறது, இந்த மனுஷன் விளையாடுகிறாரே என்று நினைத்து, நல்லா பாருப்பா என்று அதட்டினேன். அவர் தலையை மெல்லத் திருப்பினார். இப்போது வேறு ஒன்று தெரிகிறது என்றார். இன்னும் கொஞ்சம் திருப்பி, இப்போது இன்னொன்று என்றார். அந்தக் கூட்டத்தை அவர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கு முன்பே நான் கவனித்திருக்கலாம். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். வயசாயிடுச்சி என்பார். வயசு என்ன பெரிய வயசு, அறுபது கூட ஆகவில்லை. அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை, பதில் சொல்லி எனக்கும் சலித்துவிட்டது. அப்பா சின்னப் பையனாக உப்பளத்தில் இறங்கியவர். தண்ணீர் கட்டுவது, பாத்தி மிதிப்பது, உப்பு வாருவது என்று அதைத் தவிர வேறு வேலை தெரியாது.

பாண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியாஸ்பத்திரி டாக்டர் விளக்கைப் போட்டு, அணைத்து, திரும்பவும் போட்டுப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறதாம். ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே உள்ளே வருமாம். நடுவில் மட்டும் ஒரு சின்ன வட்டம் மிச்சம் இருக்கிறது, சொட்டு மருந்து போட்டு அதைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம், போனது போனதுதான் என்றார். உப்பளத்து வெயிலால் வந்ததா என்று அப்பா கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா நம்பவில்லை. எங்கள் உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். அவர் கண்ணைத் தின்றது அதுதான் என்று கடைசி வரைக்கும் சாதித்தார். உப்பின் மேல் கோபம் மட்டும் வரவில்லை. சோறு போட்டதும் அதுதானே என்பார்.

டாக்டர் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு விரலைக் கண்ணுக்கு நேரே நீட்டி, அதைப் பக்கவாட்டில் கொண்டுபோய், எங்கே மறைகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அந்த வாரமே ஒரு சங்கதி நடந்தது. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு எடுத்த குரூப் போட்டோ வந்தது. பிள்ளைகளும் நாங்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்த படம், அஞ்சலட்டையை விடக் கொஞ்சம் பெரியது. அப்பா அதை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அவர் முகம் மாறியது. எல்லோரும் தெரிகிறார்கள் என்றார். முதல் வரிசையில் மூக்கைச் சிந்துகிற பையன் வரைக்கும் சொன்னார். ஒவ்வொருவராக இல்லை, எல்லோரும் ஒரே தடவையில். ஒரு கூட்டத்தைக் கூட்டமாக அவர் பார்த்து எவ்வளவு நாளாயிற்றோ. படத்தைக் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடும்போதும் இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் கேட்டார், அந்தப் பூநாரையை இப்படிப் பிடிக்க முடியுமா என்று.

விஷயம் அவ்வளவுதான். உப்பளம் கண்ணுக்கு அடங்கவில்லை, படம் அடங்கியது. அவர் கண்ணில் மிச்சமிருந்த வட்டம் மூடுவதற்குள், அவர் நாற்பது வருடம் நின்ற இடத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி அவர் கையில் கொடுக்க வேண்டும். நான் கிறுக்குப் பிடித்தவள் போல அதில் இறங்கினேன்.

பாண்டியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டில், அவர் இறந்த பிறகு சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய கேமரா எனக்குக் கிடைத்தது. வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலேயிருந்து குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். அப்பாவை அதிலேயே பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, கலங்கலா இருக்குது, ஒண்ணும் புரியலை என்றார். வெயிலில் எனக்கே அதில் சரியாகத் தெரியாது. பேப்பரில் வந்தால்தான் உண்டு என்று ஆகிவிட்டது.

கறுப்பு வெள்ளைதான் வரும், சிவப்பு வராது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். பூநாரை என்றால் அந்தச் சிவப்புதானே, பிறகு ஏமாந்துபோகக் கூடாது. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "செவப்பு நான் போட்டுக்கிறேன். நீ பறவையை மட்டும் குடு."

முதல் ரோலை மரக்காணத்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். கல்யாணமும் பாஸ்போர்ட் போட்டோவும் மட்டும் எடுத்த மனுஷன். கழுவி வைக்கிறேன் டீச்சர், நாளைக்கு வாங்க என்றார். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், பிலிம் கழுவுவது என்று. அவர் கழுவிய கழுவில் எல்லாம் வெளுத்துப் போய் வந்தது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. உப்பளத்தில் வெளிச்சம் அளவுக்கு மேல் அடிக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. ஏதோ ஒரு மூலையில் குச்சி போல இரண்டு கால்கள். அதை அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, மூடுபனியா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாண்டியில் நல்ல ஸ்டுடியோ ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே இருந்தவர் பொறுமைசாலி. சூரியன் எழும்பும் நேரத்திலும் சாயும் நேரத்திலும் எடுங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழட்டும், உச்சி வெயில்ல கேமராவைத் தொடாதீங்க என்று சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே தடவையாகக் கொண்டுவாருங்கள், புது மருந்து கலந்து நானே கழுவி, ஒரே அளவில் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கும் அது தோதாக இருந்தது. பாண்டிக்குப் போய் வருவது ஒரு நாள் பிழைப்பு. லீவு கேட்டால் தலைமை ஆசிரியை சிஸ்டர் முகத்தைப் பார்க்க முடியாது. அப்பாவும் அதைத்தான் விரும்பினார். ஒரு வருடம் முழுக்க வரட்டும், துண்டு துண்டாகப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்றார். ஏற்கெனவே ஒவ்வொன்றாகப் பார்த்து அலுத்துப்போன மனுஷன். அவருக்கு வேண்டியது முழுசு.

மாசியில் பூநாரைகளைப் பிடித்தேன். பிடித்தேன் என்றால் சும்மாவா. கிட்டே போனால் எழும்பிவிடும், தூரத்திலிருந்து எடுத்தால் எறும்பு மாதிரி விழும். சேற்றில் முட்டி வரைக்கும் இறங்கி, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓட்டைச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நகர்ந்திருக்கிறேன். உப்பு வார வந்த பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குக் கொக்கு டீச்சர் என்று பேர் வைத்தார்கள். அது வகுப்பு வரைக்கும் வந்துவிட்டது. கரும்பலகையில் கொக்குப் படம் போட்டு வைத்த வானரங்களை வரிசையாக முட்டி போட வைத்தேன். ஆனால் ஒரு காலையில் மொத்தக் கூட்டமும் கழுத்தை நீட்டி ஒரே பக்கம் நடந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அமுக்கினேன். அது விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சில தடவை கைக்கே தெரிந்துவிடும்.

பங்குனியில் பறவைகள் போயின, பாத்திகளில் உப்பு பூத்தது. அதிகாலையில் பெண்கள் கூடையில் உப்பைச் சுமந்துகொண்டு வரப்பில் வரிசையாக வருவதை எடுத்தேன். கொக்கு டீச்சர், எங்க காலை மட்டும் புடிச்சிடாதீங்க என்று ஒருத்தி கத்தினாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர்கள் கால்கள் வெடித்துக் கிடக்கும். நான் காலையும் சேர்த்துத்தான் எடுத்தேன். அப்பாவுக்கு அந்தக் கால்கள் தெரியும். சித்திரையில், வரப்பு மேல் வெறும் மண்ணில் முட்டை இட்டிருந்த சிவந்த கால் உள்ளான் பறவை. அதை மிதிக்காமல் எல்லோரும் சுற்றிக்கொண்டு போனதையும் எடுத்தேன். கால்வாயில் உப்பு ஏற்றிக்கொண்டு போன படகு, சாக்குகளைத் தைத்துக் கட்டிய பாய், கரையில் கயிற்றை இழுத்துக்கொண்டு குனிந்து நடந்த இரண்டு ஆட்கள். கூனிமேட்டுக் கடற்கரையில் காயப்போட்ட மீனுக்கு மேல் காக்கை விரட்டுகிற ஒரு பாட்டியம்மாள், அவள் விரட்டியது காக்கையை இல்லை, என்னை. ஆடியில் மணல் பறக்கிற காற்று. அதைப் படமாக எடுக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், அதையும் எடுத்தேன்.

அப்பாவையும் எடுத்தேன். ஆவணியில் ஒரு நாள் முதலாளி அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரப்பிலிருந்து இரண்டு தடவை விழுந்துவிட்டார், எனக்கு எதற்கு இந்த வம்பு என்றாராம். கெட்ட மனுஷன் இல்லை, சொன்னதும் நியாயம்தான். அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கடைசியாக ஒரு பாத்தியை வாரினார். நீளமான கம்பில் பலகை வைத்த வாருகோலை எட்டி எறிந்து, தன் பக்கம் இழுக்கும்போது உப்பு நுரை போலத் திரண்டு வரும். அவருக்கு அதற்குக் கண் தேவையில்லை. நான் எதிரே நின்று எடுத்தேன். என்னை எதுக்கு, பறவையை எடு என்று திட்டினார். பரவாயில்லை, ஒரு படம்தானே என்றேன். என் ஆசைக்கு எடுத்தது அது ஒன்றுதான். மற்ற எல்லாம் அவருக்கு.

புரட்டாசியில் உப்பு அம்பாரங்களுக்குக் கீற்று போட்டு மூடினார்கள். சொட்டு மருந்து தவறாமல் போட்டும் அப்பாவின் வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. குரூப் போட்டோவைக் கொடுத்து அடிக்கடி சோதிப்பேன். முதல் வரிசையும் மூன்றாவது வரிசையும் தெரிந்தவருக்கு இப்போது நடு வரிசை மட்டும் தெரிந்தது. படத்தை இன்னும் தள்ளிப் பிடித்தால் எல்லோரும் அடங்கினார்கள், ஆனால் முகம் தெரியவில்லை. இப்போதே பாண்டிக்கு ஓடிக் கழுவிவிடலாமா என்று கேட்டேன். மழைக்கு வருகிற பறவையும் வந்துவிடட்டும், அது இல்லாமல் என்ன வருடம் என்றார். கிறிஸ்துமஸ் லீவில் போகலாம் என்று முடிவு செய்தோம்.

ரோல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். ஐப்பசி பிறந்ததும் வீடெல்லாம் ஈரம் ஏறிவிட்டது. எங்கள் ஊர்க் காற்றில் இரும்பே தாங்காது, பிலிம் எப்படித் தாங்கும் என்று எனக்கு ஒரே கவலை. எடுத்து எடுத்துப் பார்த்துப் புலம்புவேன். கழுவாமல் ரொம்ப நாள் வைத்தால் கெட்டுப்போய்விடும்ப்பா என்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. அவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

கார்த்திகையில் வானூரில் டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். போகாமல் முடியாது. பக்கத்து வீட்டில் சோற்றுக்குச் சொல்லிவிட்டுப் போனேன். போன இடத்தில் புயல் பிடித்துக்கொண்டது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. ரோடு அறுத்துக்கொண்டது, பஸ் நின்றது. நான் பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஈரச் சேலையோடு உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினேன். அப்பாவுக்காகத்தான் உருட்டினேன், பிலிம் ஞாபகமே இல்லை. மழை விட்டதும் கிடைத்த லாரியில் ஏறி, பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் அதுவும் சேற்றில் மாட்டிக்கொள்ள, மிச்ச தூரத்தை நடந்தே வந்து சேர்ந்தேன்.

எங்கள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மழை விழாத மூலையில், கால்களை அகட்டி உட்கார்ந்து, மடியில் உப்புப் பானையை அணைத்துக்கொண்டு அப்பா இருந்தார். ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் முகம் நிமிர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"கூரை போயிடுச்சி பாப்பா. டப்பாவுல தண்ணி பூந்துடுச்சி. ஆனா உன் பிலிம் ஒண்ணும் கெடலை. கழுவுற வரைக்கும் கெடாம இருக்கணும்னு எல்லாத்தையும் உப்புல போட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் கெடக்கூடியது எதுவாக இருந்தாலும் உப்புக்குள்தான் போகும். மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய். மீன் அதிகம் வந்து, ஆய்ந்து கழுவ நேரம் இல்லாத நாளில், அம்மா அப்படியே உப்பில் புதைத்து வைப்பாள். மறுநாள் எடுத்துக் கழுவினால் புதுசு மாதிரி இருக்கும். கழுவாதது கெடும், கெடாமல் இருக்க உப்பு. இது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். வேறு ஊர்க்காரராக இருந்தால் அந்த டப்பாவைத் துணியில் சுற்றிவைத்திருப்பார், இல்லை மறந்தே போயிருப்பார். இவர் உப்பளத்துக்காரர். பிலிமைக் கழுவ வேண்டும் என்று நான்தான் வருடம் முழுக்க ஓதிக்கொண்டிருந்தேன். கழுவுவது என்றால் மருந்தில் போட்டு எடுப்பது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

பானைக்குள் கையை விட்டேன். மழைக்காலத்து உப்பு, கைவைத்தாலே தண்ணீர் விடும். பானையின் அடியில் உப்பு நீர் கோத்து நின்றது. அதற்குள் ரோல்கள், ஒன்றுவிடாமல். அந்தக் காற்றில், அந்த மழையில், கண் தெரியாமல் பரணில் ஏறி, சிதறியதைத் தடவித் தடவி எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். மேலே சுற்றிய காகிதம் ஊறிச் சாயம் விட்டு, சுற்றிலும் உப்பு சிவந்திருந்தது.

"நல்லதுப்பா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். விழுந்து கிடந்த முருங்கை மரத்தை எட்டி ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

ரோடு சரியானதும் பாண்டிக்குப் போனேன். ஏதாவது ஒன்றாவது தேறாதா என்ற நப்பாசை. ஸ்டுடியோக்காரர் முகர்ந்து பார்த்தார். யாருங்க இதை உப்புல போட்டது என்று சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இருட்டறைக்குள் எடுத்துப்போய்த் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்கப் பார்த்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்து, பிலிம் மேல் இருக்கும் பூச்சு அப்படியே பால் ஆடை மாதிரிக் கழன்று வருகிறது, காகிதத்தோடு ஒட்டிக் கல்லாகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஒன்றுகூடவா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை என்றார். பூநாரை, வெடித்த கால்கள், உள்ளான் முட்டை, படகு, காற்று, அப்பா. எல்லாம் போயிற்று. அப்பாவுடைய படம் என்று என்னிடம் இன்றைக்கு ஒன்றுகூடக் கிடையாது. அப்போது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை, போட்டோ எடுக்க வந்திருந்த கல்யாணப் பெண் ஒருத்தி பார்த்துப் பயந்துபோய்த் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது என்ன சொல்வது என்று யோசித்தேன். உண்மையைச் சொல்லலாம். உன் கையாலேயே கெடுத்துவிட்டாய் என்று, அந்தக் கையால் தடவிப் பரண் ஏறிய மனுஷனிடம் சொல்லலாம். முடியவில்லை. ஸ்டுடியோக்காரன் கழுவத் தெரியாமல் கெடுத்துவிட்டான் என்று சொன்னேன். அந்தப் பொய்க்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. இன்னொரு தடவை அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அது இப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாது. வேலையை விட்டு நிறுத்திய முதலாளியைக் கூட ஒரு வார்த்தை பேசாதவர், அந்த முகம் தெரியாத ஸ்டுடியோக்காரரை வாய் ஓயாமல் திட்ட ஆரம்பித்தார். "நான் உப்புல போட்டு அவ்ளோ பத்திரமா குடுத்தேன். கழுவத் தெரியாதவன் எதுக்குடா வாங்குன?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னார். மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்த சாமியாரிடம் சொன்னார். சாமியார் நல்லவர், நான் வேண்டுமானால் பாண்டியில் ஆள் விட்டு விசாரிக்கட்டுமா என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேண்டாம் சாமி, போனது போகட்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஊரே அந்த ஸ்டுடியோக்காரரைச் சபித்தது. பாவம், என்னிடம் காசு கூட வாங்காமல் அனுப்பிய மனுஷன். அதன் பிறகு பாண்டிக்குப் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டினேன். விளக்கு எரிகிறதா என்று அப்பா கேட்டார். அவர் அதற்கு நேர் கீழேதான் நின்றிருந்தார். எரியுதுப்பா என்றேன். தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடினார். பிறகு, ஆமா, எரியுது என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரை. பொங்கலுக்குள் அந்த வட்டமும் மூடிவிட்டது. டாக்டரிடம் திரும்பவும் கூட்டிப்போனேன். அவர் விளக்கைப் போட்டார், அணைத்தார். பிறகு அப்பாவின் தோளில் கையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சொட்டு மருந்தை இனி வாங்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அப்பா அதை நம்பவில்லை. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அவள் சொந்தக்காரருக்கு இப்படித்தான் போய்த் திரும்பி வந்தது என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அவளை நான் தனியாகக் கூப்பிட்டுக் கிழித்துவிட்டேன். என்ன பிரயோசனம்? ஈஸ்டருக்குள் வந்துவிடும் என்று அவர் மனதில் எழுதிவைத்துவிட்டார். முகத்தில் வெயில் படுகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் வெளிச்சம் மாதிரி இருக்குது என்பார். அது சூடு. வெளிச்சம் இல்லை.

மாசியில் பூநாரைகள் திரும்ப வந்தன. அவருக்குத்தான் முதலில் தெரிந்தது, வாத்து கத்துவது போல ஒரு சத்தம் கேட்டதாம். கையைப் பிடித்து உப்பளத்துக் கரைக்குக் கூட்டிப்போனேன். போன வருடம் நின்ற அதே இடம். போன வருடத்தை விடக் கூட்டம் அதிகம். வந்திருக்கா என்று கேட்டார். வந்திருக்குப்பா என்றேன். "எடு" என்றார்.

பள்ளிக்கூட அலமாரியில் இருந்ததால் புயலுக்குத் தப்பிய கேமராவில் ஒரு ரோல் கிடந்தது, புயலுக்கு முன்னால் போட்டது. எதற்காக எடுக்க வேண்டும் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்? எனக்கா? நான்தான் கண் கொண்டு பார்த்துக்கொண்டு நிற்கிறேனே. ஆனாலும் எடுத்தேன். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அந்தச் சத்தத்துக்கு அவர் தலையை ஆட்டினார். கூட்டம் எழும்பியது. இறக்கைக்குள்ளே இருக்கிற சிவப்பும் கறுப்பும் மொத்தமாக விரிந்து, எங்கள் தலைக்கு மேல் திரும்பிப் போனது. நல்ல வெளிச்சம், பக்கவாட்டில் விழுந்த வெளிச்சம். என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் மேல் என்று எனக்குத் தெரியும். ரோல் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேமராவைத் திறந்து ரோலைக் கழற்றுவதை அவர் காது கேட்டுக்கொண்டிருந்தது. கையை நீட்டினார்.

"குடு இங்க. அந்தப் பாண்டிக்காரன் கையில மறுபடியும் குடுத்துடாத. எனக்குக் கண்ணு வந்ததும் நானும் கூட வர்றேன், நின்னு பார்த்துக் கழுவி வாங்கிக்கலாம். அதுவரைக்கும் கெடக் கூடாது."

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். உப்பு வேண்டாம்ப்பா, அரிசிக்குள்ளே வைக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார். போன தடவை உப்பில்தானே ஒன்றும் கெடாமல் இருந்தது என்பார். வேறு ஒரு காலி ரோலைக் கையில் திணித்திருக்கலாம் என்று பிறகு எவ்வளவோ தடவை தோன்றியிருக்கிறது. அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மட்டும் என்ன? அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நான் யாரிடம் காட்டுவது?

கொடுத்தேன்.

பானையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். கையால் உப்பைத் தோண்டிக் குழி பறித்தார். ரோலை அதில் வைத்து, நாலா பக்கமிருந்தும் உப்பைத் தள்ளி மூடி, பாத்தி மட்டம் செய்வது போல மேலே தட்டித் தட்டிச் சமன் செய்தார். பிறகு பானையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"மேல எங்கயாவது தெரியுதான்னு பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன்.

"இல்லப்பா" என்றேன். "ஒண்ணுமே தெரியலை."